கழுவிய உப்பில் அயடீன் மிஞ்சுமா?

அட்டன் பகுதித் தோட்டமொன்றிலிருந்து ஒரு தாயார் கேட்டிருக்கிறார்: "கல் உப்பை அழுக்குப் போகக் கழுவி, அடுப்பருகே திறந்த சட்டியில் வைத்துப் பாவிக்கிறோம். மருமகள் மூன்று மாதக் கர்ப்பிணி. பக்கெட்டில் அயடீன் என்று அச்சிட்டிருப்பது உண்மைதானா என்று வீட்டிலேயே பார்க்க முடியுமா?"

அம்மா, முதலில் கழுவுவதை நிறுத்துங்கள். கடலில் விளைவதால் உப்பில் அயடீன் தானாகவே இருக்கும் என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில் உப்பளத்து உப்பில் அது மிகச் சொற்பமே. பொட்டாசியம் அயடேற்று என்னும் சேர்மத்தைக் கரைத்து உப்பின் மேல் தெளித்தே அயடீனைச் சேர்க்கிறார்கள். அது கல்லின் மேற்பரப்பில் படிந்திருப்பதால், கழுவும்போது அழுக்குடன் அதுவும் போய்விடுகிறது. ஓயாத மழை நம் மலைநாட்டு மண்ணின் அயடீனைக் கரைத்துக்கொண்டு போவதால், இங்கு விளையும் மரக்கறியை மட்டும் நம்பியிருக்கவும் முடியாது. ஈரவலயத்தில் கண்டக்கழலை என்னும் கழுத்து வீக்கம் பரவலாக இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம். உணவுக்கான உப்பில் அயடீன் சேர்ப்பதை இலங்கை 1995இல் கட்டாயமாக்கியது.

வீட்டுச் சோதனையைப் பொறுத்தவரை, கஞ்சித் தண்ணீர் விட்டால் உப்பு நீலமாகும் என்று சொல்வதை நம்ப வேண்டாம். அயடேற்று மாப்பொருளுடன் நேரடியாக நிறம் காட்டாது. அதற்கு அமிலமும் அயடைட்டும் சேர்ந்த பரிசோதனைக் கரைசல் வேண்டும். சந்தேகமிருந்தால் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் முறையிடுங்கள். 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழ், கடையிலிருந்து மாதிரி எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்பும் அதிகாரம் அவருக்கு உண்டு. அவரிடம் கேட்பது தொந்தரவு அல்ல, உங்கள் உரிமை.

உப்பிலுள்ள அயடீன் உடலில் சேர்கிறதா என்பதையும் அரசு பார்க்கிறது. உண்ணும் அயடீனில் ஏறத்தாழ 90 சதவீதம் சிறுநீரில் வெளியேறுவதால், மருத்துவ ஆராய்ச்சி நிறுவகம் பாடசாலைப் பிள்ளைகளின் சிறுநீர் மாதிரிகளை எடுத்து அளந்திருக்கிறது. லயத்துப் பிள்ளை கொடுக்கும் ஒரு சிறு போத்தல் மாதிரியும் நாட்டின் உப்புக் கொள்கையைச் சரிபார்க்க உதவுகிறது என்பதை நான் மிகவும் மதிக்கிறேன்.

வளர்ந்தவருக்கு நாளொன்றுக்கு 150 மைக்ரோகிராம் அயடீன் போதும். கர்ப்பிணிக்கு 250 வேண்டும் என்கிறது உலக சுகாதார அமைப்பு. தொடக்க மாதங்களில் கருவின் மூளை, அயடீனைக் கொண்டு உருவாகும் தாயின் தைரொய்ட் சுரப்பையே நம்பி வளர்வதே அதற்குக் காரணம். அதற்காக மருமகளுக்கு உப்பைக் கூட்டிக் கொடுத்துவிடாதீர்கள். இரத்த அழுத்தம் ஏறக்கூடும். எவருக்கும் நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே நல்லது. கடல் மீன், முட்டை, பால் ஆகியவற்றை இயன்றவரை சேர்த்துக் கொடுங்கள். விலை கூடிய தூள் உப்புத்தான் வேண்டும் என்பதில்லை. அயடீன் சேர்த்ததாக அச்சிட்ட, சுத்தமான கல் உப்பு போதும். அதை மூடிய போத்தலில், அடுப்புச் சூடும் ஈரமும் படாத இடத்தில் வைத்து, கறி இறக்கும் நேரத்தில் போடுங்கள். மருமகளின் கழுத்தில் வீக்கம் தெரிந்தால், உப்பை மாற்றிப் பார்த்துக் காத்திராமல் அடுத்த கர்ப்பிணிகள் கிளினிக்கிலேயே வைத்தியரிடம் காட்டுங்கள்.