மரச்சட்டக மதுவிடுதிகள்: கேள்வி பதில்

கேள்வி: லண்டன் சதர்க்கில் உள்ள ‘ஜார்ஜ் இன்’ என்ற பழைய விடுதி ஏன் ஒரு பக்கம் மட்டும் நிற்கிறது?

1676 தீ விபத்தில் எரிந்து, 1677இல் திரும்பக் கட்டப்பட்டது. நடுவில் முற்றம். குதிரை வண்டிகள் அங்கே வந்து நிற்கும். பயணிகள் மாடித் தாழ்வாரம் வழியாக அறைக்குப் போவார்கள். பிறகு கிரேட் நார்தர்ன் ரயில்வே கைக்குப் போய், 1889இல் மற்றப் பக்கங்கள் இடிபட்டன. தெற்குப் பக்கம் மட்டும் தப்பியது. 1937 முதல், பழைய கட்டடங்களைப் பேணும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பிடம் இருக்கிறது. லண்டனில் தாழ்வாரத்தோடு மிஞ்சிய வண்டி விடுதி இது ஒன்றுதான்.

கேள்வி: இரும்பு ஆணி இல்லாமல் இந்த விடுதிகளின் மரச்சட்டகங்கள் எப்படி நிற்கின்றன?

நல்ல கேள்வி. ஓக் மரத்தை வெட்டியவுடன், ஈரம் காயாமலே இழைத்தார்கள். காய்ந்த ஓக்கில் உளி எளிதில் இறங்காது. ஒரு கட்டையின் முனையை நாக்குபோலச் செதுக்கி, அடுத்ததில் தோண்டிய பொந்தில் செருகி, குறுக்கே மரமுளை அடிப்பார்கள். இதில்தான் சூட்சுமம்: இரண்டிலும் துளைகள் நேருக்கு நேர் இருக்காது, நாக்கில் உள்ளது அதன் அடிப்பக்கமாகக் கொஞ்சம் தள்ளி இருக்கும். முளை இறங்க இறங்க மூட்டு இறுகும்.

சட்டகம் முழுவதையும் தச்சர் தன் களத்தில் பொருத்திப் பார்த்து, பிரித்து, கொண்டுபோய் நிறுத்துவார். எது எங்கே என்று தெரிய, மூட்டருகே ரோமன் எண்களைக் கீறிவைப்பார். டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் தெரியும். நான்கு என்பது பெரும்பாலும் நான்கு கோடுகளாகத்தான் இருக்கும். கட்டை தலைகீழானாலும் குழப்பம் வராது.

கேள்வி: எங்கள் ஊர் விடுதி உத்திரங்கள் பழைய கப்பலிலிருந்து வந்தவையாமே? வெற்றுப் பொந்துகள் இருக்கின்றன.

அநேகமாக இல்லை. வேறொரு கட்டடத்து மரமாக இருக்கும், அல்லது அங்கே இருந்த சுவரை எடுத்திருப்பார்கள்.

கேள்வி: எங்கள் விடுதியும் கப்பல் மரம் என்கிறார்கள்.

மேலே உள்ள பதிலைப் பாருங்கள்.

கேள்வி: கறுப்பு மரம், வெள்ளைச் சுவர், இதுதானே அசல்?

பல இடங்களில் அது 19ஆம் நூற்றாண்டு மோகம். அதற்கு முன் ஓக் சும்மா சாம்பல் நிறமாகவே இருந்தது, அல்லது மரத்தின் மேலும் சேர்த்துச் சுண்ணாம்பு அடித்தார்கள்.

கேள்வி: ஏற்க மாட்டேன். எங்கள் பக்கம் எல்லாமே கறுப்புதான்.

இன்று கறுப்பு, சரி. வண்ணத்தைச் சிறு துண்டு பெயர்த்து, அடுக்குகளைப் பூதக்கண்ணாடியில் எண்ணுங்கள். கறுப்புக்கு அடியில் சுண்ணாம்பு வந்தால் உங்களுக்கே விளங்கிவிடும். வராவிட்டால் எழுதுங்கள், உங்கள் கட்டடத்தளவில் நான் ஒப்புக்கொள்கிறேன்.

கேள்வி: எந்த விடுதியில் பியர் நன்றாக இருக்கும்?

அது வேறு ஆளிடம்.

கேள்வி: விரிசலுக்கு சிமென்ட் பூசலாமா?

கூடாது. மூன்றாவது முறையாகச் சொல்கிறேன், இன்னும் பத்து முறை கேட்டாலும் சொல்வேன். சுண்ணாம்புச் சாந்து ஈரத்தை வெளியே விடும். சிமென்ட் உள்ளேயே அடைத்துவிடும். ஒரு சுவரில் சிமென்டைப் பெயர்த்தபோது, பின்னால் இருந்த ஓக்கில் என் ஸ்குரூடிரைவர் கைப்பிடிவரை இறங்கியது. ஏற்கெனவே பூசியிருந்தால், அடிக்கட்டையருகே கையகலம் மட்டும் மெதுவாகப் பெயர்த்து, மரத்தை அழுத்திப் பாருங்கள். மெத்தென்று இருந்தால் மேற்கொண்டு தொடாமல், பழைய சட்டகம் பார்க்கும் தச்சரைக் கூப்பிடுங்கள்.