மேற்கு ஜன்னலுக்கு ஜீப்ரா பிளைண்ட்ஸ் சரிப்படுமா?

கேள்வி: எங்கள் வீட்டில் ஹாலும் படுக்கையறையும் மேற்குப் பார்த்தவை. பழைய ஸ்கிரீன் துணிகளை எடுத்துவிட்டு, இரண்டு அறைக்கும் ஜீப்ரா பிளைண்ட்ஸ் போட நினைக்கிறோம். கணவருக்கு இரவுப் பணி என்பதால் பகலில்தான் உறங்குவார். இரண்டு வயதுக் குழந்தையும் இருக்கிறது. வெயில் தணியுமா?
– வாசகி, திருநகர், மதுரை

பதில்: ஹாலுக்குத் தாராளமாகப் போடுங்கள், படுக்கையறைக்கு வேண்டாம். ஜீப்ரா பிளைண்ட்ஸில் மேல் உருளையிலிருந்து இறங்கும் துணி, அடிக்கம்பியைச் சுற்றி மறுபடி மேலேறுவதால் இரண்டு அடுக்காகத் தொங்குகிறது. அதில் வலை போன்ற மெல்லிய பட்டையும் அடர்த்தியான பட்டையும் மாறி மாறி வரும். சங்கிலியைச் சற்றே இழுத்தால் அடுக்குகள் நகர்ந்து, மெல்லிய பட்டைகள் நேருக்கு நேர் வரும்போது வெளிச்சம் நுழையும்; அவற்றை அடர்பட்டைகள் மூடும்போது அறை மங்கும். மங்குமே தவிர, இருண்டுவிடாது. பட்டைகள் சந்திக்கும் விளிம்பிலும் இரு ஓரங்களிலும் வெயில் கோடு கோடாகக் கசியும். இரவெல்லாம் உழைத்துவிட்டு வந்து படுப்பவரின் முகத்தில் அப்படி ஒரு கோடு விழுந்தாலே தூக்கம் போய்விடும். ஆகவே அந்த அறைக்கு, வெளிச்சம் ஊடுருவாத பிளாக்அவுட் துணியில், ஒற்றை அடுக்காகத் தொங்கும் சாதாரண ரோலர் பிளைண்ட்ஸ் வாங்கி, ஜன்னல் சட்டத்துக்குள் அடக்காமல், இருபுறமும் 3 அங்குலமாவது கூடுதலாக வரும்படி சுவரிலேயே பொருத்தச் சொல்லுங்கள்.

வெயில் விஷயத்தில் கடைக்காரர் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்துவிட்ட வெப்பத்தில் ஒரு பகுதியைத்தான் வெளிர்நிறத் துணியால் திருப்பி அனுப்ப முடியும். மிச்சம் அறைக்குள்ளேயே தங்கிவிடும். அக்னி நட்சத்திர நாட்களில் மாலை 4 மணிக்கு நம் ஊர்ச் சூரியன் நன்றாகச் சாய்ந்துவிடுவதால், ஒன்றரை அடி சன்ஷேடின் நிழல் ஜன்னலின் மேற்புறத்தில் ஏறக்குறைய ஓர் அடிக்குத்தான் விழும். அதற்குக் கீழே முழு வெயில்தான். நம் பாட்டிமார் ஜன்னலுக்கு வெளியே மூங்கில் தட்டியோ வெட்டிவேர்த் தட்டியோ கட்டியது இதனால்தான். நீங்களும் வெளியே ஒரு தட்டியைத் தொங்கவிட்டு, உள்ளே பிளைண்ட்ஸைப் போட்டால் வித்தியாசம் அன்று மாலையே தெரியும்.

குழந்தை இருப்பதால் ஒன்றைக் கட்டாயமாகச் செய்யுங்கள். இழுக்கும் சங்கிலி வளையமாகத் தொங்குவது சிறு பிள்ளைகளின் கழுத்தில் மாட்டிக்கொள்ளும் ஆபத்துடையது. வளையத்தின் அடிப்பகுதியைச் சுவரோடு இறுக்கிப் பிடிக்கும் கிளிப்பைத் திருகாணி போட்டு முடுக்கும்வரை, பொருத்த வந்தவரை அனுப்பாதீர்கள். கட்டிலையும் நாற்காலியையும் அந்த ஜன்னலிலிருந்து தள்ளிப் போடுங்கள்.

இரவில் விளக்கெரியும்போது மெல்லிய பட்டைகள் நேராக இருந்தால், தெருவில் போகிறவர்களுக்கு ஹால் முழுவதும் தெரியும். விளக்கு வைத்ததும் பட்டைகளை மாற்றி மூடிவிடுங்கள்.

கேள்வி: ஆடிக் காற்றில் பிளைண்ட்ஸ் கிரில்லில் மோதிக்கொண்டே இருக்கிறது; தூசியும் படிகிறது. கழற்றித் துவைக்கலாமா?
– வாசகர், உசிலம்பட்டி

பதில்: துவைக்க வேண்டாம், துணி சுருங்கினாலோ மடிப்பு விழுந்தாலோ பட்டைகள் பிறகு நேராகச் சேரா. வாரம் ஒருமுறை முழுவதும் இறக்கிவிட்டு, மென்மையான பிரஷ்ஷால் மேலிருந்து கீழாகத் தட்டிவிடுங்கள். கறைபட்ட இடத்தை ஈரத்துணியால் ஒற்றி எடுக்கலாம், தேய்க்கக் கூடாது. ஜன்னலைத் திறக்கும் நேரத்தில் பிளைண்ட்ஸை முழுவதுமாகச் சுருட்டி மேலே ஏற்றிவிடுங்கள்.