கவுனி அரிசியும் பழனி நடையும்: சர்க்கரை நோய் பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: எனக்கு வயது 58. ஆறு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிட்டு வருகிறேன். அடுத்த மாதம் இளைய மகனுக்குத் திருமணம். கவுனி அரிசியும் கருப்பட்டிப் பணியாரமும் மருந்துக்குச் சமம், வெள்ளைச் சீனிதான் ஆகாது என்று சம்பந்தி வீட்டு ஆச்சி உறுதியாகச் சொல்கிறார். நான் சாப்பிடலாமா?
– வாசகி, காரைக்குடி

பதில்: கவுனி அரிசி தவிடு நீங்காத அரிசி. வெள்ளை அரிசியைவிட அதில் நார்ச்சத்து கூடுதல் என்பதும், ஆந்தோசயனின் என்னும் நிறமியே அதற்கு அந்தக் கருநிறத்தைத் தருகிறது என்பதும் உண்மை. ஆனால் பந்தியில் உங்கள் இலைக்கு வருவது வெறும் கவுனி அரிசியன்று. முதல்நாள் இரவே ஊறவைத்து, குழைய வேகவைத்து, சூடு ஆறுமுன் சீனியைக் கொட்டிக் கிளறி, தேங்காய்த் துருவலும் நெய்யும் சேர்த்த இனிப்பு. கருப்பட்டியில் தாதுச்சத்து சிறிதளவு இருந்தாலும் அதன் பெரும்பகுதி சுக்ரோஸ்தான். சீனியிலும் இருப்பது அதுவே. சம்பந்தி ஆச்சியின் அன்பை நான் மதிக்கிறேன். ஆயினும், மருந்தென்று நம்பி ஒரு கிண்ணம் முழுவதையும் சாப்பிடுவதற்கு அந்த அன்பு காரணமாகிவிடக் கூடாது.

அதற்காக, மகன் திருமணத்தில் இனிப்பைத் தொடவே கூடாது என்று எழுத எனக்கு மனம் வரவில்லை; அதற்குத் தேவையும் இல்லை. ஒன்று செய்யுங்கள். திருமணத்துக்கு முன்பே, ஒரு நாள் வீட்டில் கவுனி அரிசி செய்யும்போது, முதல் வாய் எடுத்து வைக்குமுன் குளுக்கோமீட்டரில் ஒரு சொட்டு இரத்தம் வைத்துப் பாருங்கள். காய்கறியையும் பருப்பையும் முதலில் உண்டு, சோற்றைப் பாதியாகக் குறைத்து, கடைசியில் இரண்டு கரண்டி கவுனி அரிசி சாப்பிடுங்கள். சாப்பிடத் தொடங்கி இரண்டு மணி நேரம் ஆனதும் மீண்டும் பாருங்கள். பெரும்பாலானவர்களுக்கு அந்த அளவு 180 மி.கி./டெ.லி.-க்குள் இருக்க வேண்டும். 240 என்று காட்டினால் அந்த இரண்டு கரண்டி உங்களுக்கு அதிகம். அடுத்த முறை ஒரு கரண்டியோடு நிறுத்திப் பாருங்கள். சாப்பிட்ட பின் கட்டிலில் சாயாமல், வளவைச் சுற்றிப் பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தாலே இந்த எண் குறைவதை நீங்களே காண்பீர்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். திருமணத்தன்று உண்ணும் இனிப்பைவிட, திருமணம் முடிந்த பின் வீட்டில் தங்கும் பலகார டின்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை. மாலைக் காப்பியோடு எவர்சில்வர் தூக்கைத் திறந்து, உப்புப் பலகாரம்தானே என்று நான்கு தேன்குழலும் ஒரு கை சீப்புச் சீடையும் எடுப்பது பல வீடுகளில் வழக்கம். இனிப்பு இல்லாவிட்டாலும் அவை அரிசிமாவில் செய்து எண்ணெயில் பொரித்தவை. சர்க்கரையை ஏற்றும், எடையையும் கூட்டும். அந்த நேரத்துக்கு வேகவைத்த பச்சைப்பயற்றுச் சுண்டல் போதும். நம் சமையலில் கைவிடக் கூடாதவையும் உண்டு. வெண்டைக்காய் மண்டியும், கீரையும், வாழைப்பூவும், எண்ணெய் குறைத்து வைத்த மீன் குழம்பும் உங்கள் இலையில் நிறையவே இருக்கட்டும்.

கேள்வி: மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c) 6.4 சதவீதம் என்று வந்துவிட்டது. மெட்ஃபார்மின் மாத்திரையை நிறுத்திவிடலாமா?
– வாசகர், தேவகோட்டை

பதில்: நீங்களாக நிறுத்தாதீர்கள். அந்த 6.4 மாத்திரையும் சேர்ந்து தந்த எண். நோய் தொடங்கி ஆறு ஆண்டுகளுக்குள் இருந்த, உடல் எடை கூடியவர்களிடம் பிரிட்டனில் நடத்தப்பட்டு 2017-இல் வெளியான ஆய்வில், உணவைக் கடுமையாகக் கட்டுப்படுத்தி எடையைக் குறைத்தவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் ஓராண்டு முடிவில் மருந்தின்றியே 6.5-க்குக் கீழ் இருந்தார்கள். எனவே மருந்தை விடுவது நடக்கக்கூடியதே. ஆனால் அது மருத்துவர் மேற்பார்வையில், எடையைக் குறைத்து, மீண்டும் மீண்டும் சோதித்துப் பார்த்துச் செய்ய வேண்டியது.

கேள்வி: வாரம் ஒரு முறை போடும் புதிய ஊசியால் சர்க்கரையும் எடையும் குறைகின்றன என்று சிங்கப்பூரில் இருக்கும் மகள் சொல்கிறாள். அதை வாங்கிப் போட்டுக்கொள்ளலாமா?
– வாசகி, புதுக்கோட்டை

பதில்: செமாகுளூடைடு, 2025-இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த டிர்செப்படைடு ஆகியவற்றையே உங்கள் மகள் குறிப்பிடுகிறார் என நினைக்கிறேன். இவை பசியைக் குறைத்து, இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தி, சர்க்கரை ஏறும்போது இன்சுலின் சுரப்பைக் கூட்டுகின்றன. நல்ல மருந்துகளே. தொடக்கத்தில் குமட்டலும் வாந்தியும் வரலாம் என்பதால் குறைந்த அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டுவார்கள். முன்பு கணைய அழற்சி வந்திருந்தாலோ, குடும்பத்தில் யாருக்கேனும் மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் இருந்தாலோ அதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நிறுத்தினால் இழந்த எடையில் பெரும்பகுதி திரும்பிவிடுவது வழக்கம். மருந்துச் சீட்டில்லாமல், பெட்டியில் போட்டு ஊருக்குக் கொண்டுவந்து போட்டுக்கொள்ள வேண்டிய மருந்தன்று இது.

கேள்வி: எனக்கு வயது 63. காலையும் இரவும் இன்சுலின் போடுகிறேன். இந்தத் தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்குக் காவடியோடு நடக்க வேண்டுதல் இருக்கிறது. போகலாமா?
– வாசகர், காரைக்குடி வட்டம்

பதில்: வேண்டுதலை விடச் சொல்லமாட்டேன், ஆனால் ஒரு மாதம் முன்பே ஆயத்தமாக வேண்டும். கால் மரத்துப் போயிருக்கிறதா என்பதை மருத்துவர் மெல்லிய நைலான் இழையால் தொட்டுச் சோதிப்பார். உணர்ச்சி குறைந்திருந்தால் வெறுங்காலோடு நடக்கும் எண்ணத்தை முருகனிடமே சொல்லிக் கைவிட்டுவிடுங்கள். அப்படி நடந்து வந்த ஒருவரின் பாதத்தை நான் பார்த்திருக்கிறேன். குதிகாலில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குக் கொப்புளம் உடைந்து சிவந்திருந்தது, அவரோ வலியே இல்லை என்றார். வலி தெரியாததுதான் ஆபத்து. பல வாரம் போட்டுப் பழகிய காலணியும் பருத்திக் காலுறையும் அணியுங்கள். ஒவ்வொரு தங்கலிலும் உடன் வருபவர் உங்கள் உள்ளங்காலையும் விரலிடுக்கையும் விளக்கு வெளிச்சத்தில் பார்க்கட்டும்.

நாள் முழுவதும் நடக்கும்போது வழக்கமான இன்சுலின் அளவு உங்களுக்கு அதிகமாகிவிடும். எவ்வளவு குறைப்பது என்பதை மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றும் டாபாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரையும் சேர்த்துச் சாப்பிட்டால் அதையும் சொல்லுங்கள், ஏனெனில் உணவும் தண்ணீரும் குறையும் நாட்களில் அது, இரத்தத்தில் அமிலம் சேரும் கீட்டோன் சிக்கலை உண்டாக்கலாம். சட்டைப்பையில் குளுக்கோஸ் பொடி இருக்கட்டும். கைநடுக்கமோ வியர்வையோ படபடப்போ வந்தால் உடனே நின்று, மூன்று தேக்கரண்டியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்துச் சோதியுங்கள். அப்போதும் 70-க்குக் கீழ் இருந்தால் இன்னொரு முறை குடியுங்கள். பஞ்சாமிர்தமும் பணியாரமும் அந்த நேரத்துக்கு உதவும் வேகத்தில் வேலை செய்யா.

இன்சுலினை ஈரத்துணி சுற்றிய பைக்குள் வையுங்கள். பனிக்கட்டியில் நேராக வைத்தாலும் வெயிலில் நிற்கும் வண்டிக்குள் விட்டாலும் கெட்டுவிடும். நெடுந்தொலைவு நடந்த அன்று இரவு உறக்கத்திலும் சர்க்கரை தாழலாம். ஆகையால் படுக்குமுன் ஒரு முறை சோதித்து, பக்கத்தில் படுப்பவரிடம் இதைச் சொல்லிவிட்டுப் படுங்கள்.