சாக்கெட்டில் உட்கார்ந்தால் போதுமா?

கேள்வி: எங்கள் தேவாலய இசைக்குழுவில் பழைய பாணியில் செய்த 22 வாட் கிட்டார் ஆம்ப் இருக்கிறது. ஸ்பீக்கரை ஓட்டும் பவர் வால்வு (கண்ணாடிக் குழாய்) இரண்டும் 6வி6. டிரம்ஸோடு வாசித்தால் கிட்டார் அமுங்கிவிடுகிறது. 6எல்6 வால்வுக்கும் அதே எட்டுப் பின் சாக்கெட்தானே, மாற்றி மாட்டலாமா?
– வாசகர், பெரம்பூர்

பதில்: மாட்டலாம், உட்காரும், பாடவும் செய்யும். பவர் டிரான்ஸ்ஃபார்மர் எத்தனை நாள் தாங்கும் என்பதுதான் சந்தேகம். 6வி6 ஒன்றின் ஹீட்டர் (வால்வைச் சூடாக்கும் இழை) 0.45 ஆம்பியர் இழுக்கும், 6எல்6ஜிசி 0.9. ஜோடிக்கு 0.9 ஆம்பியர் கூடுதல் சுமை. மாட்டிய பின் 2, 7 பின்களுக்கு இடையே ஹீட்டர் வோல்டேஜ் அளந்து பாருங்கள். 6.3 இருக்க வேண்டியது 6க்குக் கீழே இறங்கினால் டிரான்ஸ்ஃபார்மர் திணறுகிறது. பழைய வால்வுக்கே திரும்பிவிடுங்கள்.

அடுத்து பயாஸ், அதாவது வாசிக்காதபோது வால்வில் ஓடும் கரண்டை நிர்ணயிக்கும் மைனஸ் வோல்டேஜ். அதைத் தனியாகக் கொடுக்கும் ஃபிக்ஸட் பயாஸ் ஆம்பில் சரிசெய்யாமல் வாசிக்கவே கூடாது. 6எல்6இன் கிரிட்டுக்கு (கரண்டை அடக்கும் முனை) இன்னும் அதிக மைனஸ் வோல்டேஜ் வேண்டும். பழைய அளவிலேயே விட்டால் கரண்ட் எகிறும். 8ஆம் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 1 ஓம் ரெசிஸ்டர் வையுங்கள், ரிச்சி தெருவில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். அதன் குறுக்கே மீட்டர் காட்டும் ஒவ்வொரு மில்லிவோல்ட்டும் ஒரு மில்லிஆம்பியர். பிளேட்டில் (உயர் வோல்டேஜ் வரும் முனை) 420 வோல்ட் என்று வைத்துக்கொண்டால், 12 வாட் தாங்கும் 6வி6க்கு வாசிக்காதபோது அதில் 70 சதவீதம், 8.4 வாட், அதாவது 20 மில்லிஆம்பியர். 6எல்6ஜிசி 30 வாட் வால்வு என்பதால் கணக்கு 50 வரை போகும். ஆனால் சின்ன ஆம்பின் டிரான்ஸ்ஃபார்மருக்கு அது பேராசை. 30, 35க்கு மேல் போகாதீர்கள்.

வால்வை ஸ்பீக்கரோடு இணைக்கும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரும் 6வி6க்குச் சுற்றியதுதான்: 8 ஓம் ஸ்பீக்கர் போட்டால் வால்வுகளுக்குத் தெரியும் சுமை சுமார் 6.6 கிலோ ஓம். 6எல்6 கேட்பது ஏறக்குறைய 4. அதே முனையில் 4 ஓம் ஸ்பீக்கர் போட்டால் 3.3 ஆகிவிடும், பரவாயில்லை.

இத்தனை பாடுபட்டுக் கிடைப்பது என்ன? வாட் இரட்டிப்பானாலே சத்தம் 3 டெசிபல்தான் கூடும். இங்கே இரட்டிப்பும் ஆகாது. அதே வாட்டுக்கு 97 டெசிபல் சத்தம் தரும் ஸ்பீக்கரை எடுத்துவிட்டு 100 டெசிபல் ஸ்பீக்கர் போட்டாலே அந்த 3 டெசிபல் வந்துவிடும், வால்வைத் தொடவே வேண்டாம். உங்கள் பணம் அங்கே போகட்டும்.

கேள்வி: 6எல்6 ஆம்பில் இஎல்34 போடுமுன் என்ன பார்க்க வேண்டும்?
– வாசகர், ராயபுரம்

பதில்: 1ஆம் பின். 6எல்6க்கு அது வேலையில்லாத பின். அதனால் சில ஆம்புகளில் கிரிட் ரெசிஸ்டரை அதில் முட்டுக் கொடுத்து சால்டர் செய்திருப்பார்கள். இஎல்34க்கோ அதுதான் சப்ரெஸர் கிரிட். 8ஆம் பின்னோடு சேர்த்தாக வேண்டும். முதலில் அந்த ரெசிஸ்டரை வேறிடத்துக்கு மாற்றுங்கள். ஹீட்டரும் வால்வுக்கு 1.5 ஆம்பியர் கேட்கும். பயாஸ் புதிதாக வைக்க வேண்டும் என்பதைச் சொல்லவே தேவையில்லை.

கேள்வி: புது வால்வு மாட்டியும் கரகரப்பு போகவில்லையே?
– வாசகர், காசிமேடு

பதில்: உங்கள் ஊர்க் கடல்காற்று சாக்கெட்டைத் தின்றிருக்கும். பிளக்கைப் பிடுங்கி, மின்சாரம் தேங்கி நிற்கும் ஃபில்டர் கெபாசிட்டரை 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் வழியாக இறக்குங்கள். மீட்டர் பூஜ்யத்துக்கு வந்த பிறகே கை வைக்கலாம், அணைத்த ஆம்பிலும் 400 வோல்ட் தங்கியிருக்கும். காண்டாக்ட் கிளீனர் அடித்து வால்வை நாலைந்து தரம் செருகி எடுங்கள். தளர்ந்த கவ்வியை மெல்லிய ஊசியால் நெருக்கிவிடுங்கள். 2, 3 பின்களுக்கு நடுவே கரிக்கோடு தெரிந்தால் சுரண்டிப் பயனில்லை. கரி மின்சாரம் கடத்தும், மறுபடி அங்கேயே பொறி பறக்கும். செராமிக் சாக்கெட் மாற்றிவிடுங்கள்.