புல் யாருடையது, நிலம் யாருடையது?

வணக்கம்.

கோத்தகிரியிலிருந்து தினமும் ஊட்டிக்கு பஸ்ஸில் போய் பி.ஏ. அரசியல் அறிவியல் படிக்கிறேன், இரண்டாம் ஆண்டு. சமூக ஒப்பந்தம் பற்றி எழுதிய தத்துவ அறிஞர்கள் ஹாப்ஸ், லாக், ரூசோ மூவரையும் நோட்ஸில் மனப்பாடம் செய்தாயிற்று. இயற்கை நிலை, ஒப்பந்தம், அரசு என்று ஒரே பாடத்தை மூன்று பேர் சொல்வதுபோல் இருக்கிறது. மூலத்தைப் படிப்பதென்றால் எங்கே தொடங்குவது? எங்கள் மலைக்கும் இதற்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா?

ம.

அன்புள்ள ம.,

நோட்ஸ் மூவரிடமும் அதே மூன்று கேள்வியைக் கேட்கிறது. பதிலும் ஒன்றுபோலத்தான் வரும். நீங்கள் வேறு கேள்வி கேளுங்கள்: ஒப்பந்தம் யாருக்கும் யாருக்கும் இடையே? ஹாப்ஸின் ‘லெவயதன்’ (1651) நூலில் மக்கள் தங்களுக்குள் செய்துகொள்கிறார்கள். அரசன் அதில் ஒரு தரப்பே இல்லை. ஆகவே அவன் ஒப்பந்தத்தை மீறினான் என்று யாரும் சொல்ல முடியாது. பரீட்சையில் ‘மன்னனும் மக்களும் செய்த ஒப்பந்தம்’ என்று எழுதி மதிப்பெண்ணை விடுவது இந்த இடத்தில்தான். லாக்குக்கு ஆட்சி என்பது நம்பி ஒப்படைத்த பொறுப்பு. நம்பிக்கை கெட்டால் அதிகாரம் மக்களிடம் திரும்பிவிடும். ரூசோவின் ‘சமூக ஒப்பந்தம்’ (1762) நூலில் ஒவ்வொருவரும் தன்னை முழுச் சமூகத்துக்கும் கொடுக்கிறார், சட்டம் இயற்றுபவரும் பணிபவரும் அதே ஆட்கள்.

மூலம் என்றால் முழு நூலையும் தூக்காதீர்கள், முப்பது பக்கத்தில் மூடிவைத்துவிடுவீர்கள். லாக் ஆட்சி பற்றி எழுதிய இரண்டாம் ஆய்வுரையில் (1689) சொத்து பற்றிய ஐந்தாம் அத்தியாயம் போதும்: 25 முதல் 51 வரை, 27 சிறு பகுதிகள். ‘ஆகவே’ வரும் இடத்திலெல்லாம் பென்சிலால் கோடு போட்டு, அது எதைத் தாங்கி நிற்கிறது என்று ஓரத்தில் எழுதுங்கள்.

27ஆம் பகுதியில் விதி: பொதுவில் கிடப்பதோடு உன் உழைப்பைக் கலந்தால் அது உனது. கூடவே ஒரு வரம்பு, மற்றவர்களுக்கும் போதிய அளவு, அதே தரத்தில், மிஞ்ச வேண்டும். 31இல் இன்னொரு வரம்பு, கெட்டு வீணாகும் அளவுக்கு எடுக்கக் கூடாது. 46 முதல் 50 வரை பணம் வருகிறது. காசு அழுகாது, இரண்டாவது வரம்பு கழன்றுகொள்கிறது. முதல் வரம்பு என்ன ஆனது? 1974இல் அமெரிக்கத் தத்துவ அறிஞர் நோசிக் திரும்ப எடுத்துக்கொண்ட சிக்கல் அதுதான்.

28ஐ இரண்டு முறை படியுங்கள். என் குதிரை கடித்த புல்லும் என் வேலைக்காரன் வெட்டியதும் என் சொத்து என்கிறார். வெட்டியவன் வேலைக்காரன், சொத்து மட்டும் எப்படி எஜமானுக்கு? கொழுந்து கிள்ளி எடைபோட்டுக் கொடுப்பவர்கள் உள்ள ஊரில் இந்த வரியைச் சும்மா தாண்டிப் போக முடியாது. லாக் அங்கே விளக்கம் தரவில்லை, கூலி உறவு ஏற்கெனவே இருப்பதாக வைத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்.

இதே பகுதியை, நம் மலையில் எருமை மேய்க்கும் பழங்குடியினரான தோடரின் மேய்ச்சல் நிலத்தில் வைத்துப் பாருங்கள். எருமை மேய்ந்த புல் தோடருடையது, சரி. நிலம்? 32இன்படி அது உழுது பயிர் செய்தவனுக்கு. 38இல் கால்நடைக்கும் இடம் உண்டு, ஆனால் வளைத்து அடைத்த நிலத்துக்குத்தான். வேலி போடாமல் தலைமுறை தலைமுறையாக மேய்த்தவருக்குப் புல் உண்டு, மண் இல்லை. ஆனால் கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் இங்கே கலெக்டராக இருந்த சல்லிவன் தோடரின் நில உரிமையை ஏற்க வேண்டும் என்று வாதாடினார். அவர் எந்தக் காரணத்தின்மேல் நின்றிருக்க முடியும், லாக்கை வைத்தா, லாக்குக்கு எதிராகவா? இந்தக் கேள்விக்கு இரண்டு பக்கம் எழுதிப் பார்த்தால் ஐந்தாம் அத்தியாயம் கைக்கு வந்துவிடும்.

அரசமைப்பின் எல்லை என்ற தலைப்புக்கும் உங்கள் மாவட்டத்திலேயே வழக்கு இருக்கிறது. 1969இன் கூடலூர் ஜென்ம நில (பரம்பரை ஜமீன் போன்ற நிலவுடைமை) ஒழிப்புச் சட்டத்தில் காடுகள் பற்றிய பகுதியை உச்ச நீதிமன்றம் 1972இல் ரத்து செய்தது. 1974இல் நாடாளுமன்றம் அந்தச் சட்டத்தை முழுசாக அரசமைப்பின் ஒன்பதாவது அட்டவணையில் சேர்த்தது; அடிப்படை உரிமையை மீறுகிறது என்று நீதிமன்றம் ரத்து செய்யாமல் சட்டங்களைக் காக்க உண்டான பட்டியல் அது. அதிலிருந்து வளர்ந்ததுதான் 2007இல் ஒன்பது நீதிபதிகள் தீர்ப்பளித்த கொயெலோ வழக்கு. அடிப்படைக் கட்டமைப்புக் கோட்பாட்டைத் தந்த கேசவானந்த பாரதி தீர்ப்பு நாளான 24.4.1973க்குப் பின் அட்டவணையில் நுழைந்த எதையும் அடிப்படைக் கட்டமைப்பு (அரசமைப்பில் நாடாளுமன்றமும் சிதைக்க முடியாத அடித்தளம்) என்ற உரைகல்லில் உரசிப் பார்க்கலாம் என்றார்கள். லாக்கை முடித்தபின் அதை எடுங்கள். முதலில் வழக்கின் பின்னணியைச் சொல்லும் பத்திகள் மட்டும்.