நேராக இல்லாத ஸ்ட்ரெய்ட்

ராமேஸ்வரம் தீவில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். 'ஸ்ட்ரெய்ட்' என்று ஒரே மாதிரி ஒலிக்கும் இரண்டு ஆங்கிலச் சொற்களைப் பற்றி வந்த கேள்விகள் இவை: ஒன்று 'நேர்' என்கிற straight, மற்றது இரு நிலங்களுக்கு நடுவே குறுகிக் கிடக்கும் கடலான நீரிணை, அதாவது strait.

பாம்பன் மாணவி: சார், வரைபடத்தில் பாக் ஸ்ட்ரெய்ட் கோணல்மாணலாகத்தானே கிடக்கிறது? அதை ஏன் 'நேர்' என்கிறார்கள்?

நேர் என்கிற சொல்லில் நடுவே ஜி, ஹெச் உண்டும்மா. நீரிணைக்கு அது கிடையாது. இரண்டுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. நீரிணைச் சொல், 'இறுக்கிய' என்று பொருள்படும் லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. கண்டிப்பான வாத்தியாரை 'ஸ்ட்ரிக்ட்' என்கிறீர்களே, அது இதன் பங்காளி. மற்றது அசல் பழைய ஆங்கிலம்; இழுத்து நீட்டுவதைச் சொல்லும் 'ஸ்ட்ரெட்ச்' வீட்டுப் பிள்ளை. நங்கூரக் கயிற்றை இழுத்துப் பிடித்தால் நேராகும், அதற்கு ஜி, ஹெச் போடு. அதே கயிற்றால் மூட்டையைக் கட்டினால் இறுகும், அதற்குப் போடாதே. அந்த ஜி, ஹெச்சும் வீணுக்கு வந்ததில்லை. ஒரு காலத்தில் தொண்டையிலிருந்து உச்சரித்தார்கள். ஒலி போய்விட்டது, எழுத்து மட்டும் உட்கார்ந்துகொண்டு பிள்ளைகளின் மார்க்கைத் தின்கிறது.

மண்டபம் வாசகர்: அப்போ பாம்பன் பாலத்துக்குக் கீழே ஓடுவது ஸ்ட்ரெய்டா?

இல்லை தம்பி, அது கால்வாய். பாலத்துக்கு வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. ஸ்ட்ரெய்ட் இன்னும் வடக்கே, கோடியக்கரைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் நடுவில். பாக் என்பது 1760களில் சென்னை கவர்னராக இருந்த ராபர்ட் பாக்கின் பெயர். பாதிரியாராக வந்து கவர்னர் ஆனவர், கெட்டிக்காரர்தான்.

கீழக்கரை வியாபாரி: எங்கள் பாட்டனார் பினாங்கிலிருந்து கொண்டுவந்த காசில் 'ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மென்ட்ஸ்' என்று இருக்கிறது. நேரான குடியிருப்பா?

மலாக்கா நீரிணைதான் அந்த ஸ்ட்ரெய்ட். பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்றையும் 1826இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் ஒன்றாக்கி வைத்த பெயர் அது. 1946இல் பிரிட்டிஷ் அரசு அதைக் கலைத்துவிட்டது. காசைப் பத்திரமாக வையுங்கள்.

தொண்டி வாசகர்: ஒரு கம்பெனி 'டயர் ஸ்ட்ரெய்ட்ஸ்'இல் இருப்பதாகச் செய்தி. டயர் விற்கிறார்களா?

சிரித்துவிட்டேன், மன்னியுங்கள். இந்த டயர் வண்டியில் மாட்டுவதில்லை. 'படுமோசமான' என்று பொருள். ஸ்ட்ரெய்ட்ஸ் ஜி, ஹெச் இல்லாததுதான். இடம் குறுகினால் மூச்சு முட்டும் அல்லவா? நாமும் கடன்காரர் நெருக்குவதைத்தானே நெருக்கடி என்கிறோம்.