மனசு டல்லடிக்குதா? மொட்டை மாடிக்குப் போங்க!

கேள்வி: வொர்க் ஃப்ரம் ஹோம்ல ஒரே ரூமுக்குள்ளயே கெடக்கேன் அக்கா, காரணமே இல்லாம மனசு டல்லடிக்குது, எதையும் தொடவே பிடிக்கல. என்ன பண்றது?
– வேளச்சேரி வாசகி

பதில்: மூடு வந்ததும் செய்யலாம்னு உக்காந்திருந்தா அது வரவே வராதும்மா, முதல்ல கைகால் அசையணும், மனசு பின்னாடியே மெதுவா வரும். காலைல போனைத் தூக்காம காபி டம்ளரோட மொட்டை மாடிக்குப் போங்க, ஒரு 15 நிமிஷம் வெளிச்சம் கண்ணுல படட்டும், உடம்புக்குள்ள இருக்கற கடிகாரம் அதை வெச்சுதான் பகல் ராத்திரியை செட் பண்ணிக்குது, தூக்கமும் ஒழுங்கா வரும். (எட்டு மணிக்கு மேல சென்னை வெயில்ல நின்னா நான் பொறுப்பில்ல!)

நான் டல்லா இருந்தப்போ விடாம செஞ்சது ஒண்ணுதான், சாயங்காலம் கொத்தமல்லி வாங்க தெருமுனை வரைக்கும் நடக்கறது. ஆப்ல போட்டா வீட்டுக்கே வந்துடும்தான், ஆனா அந்த காய்க்காரம்மா "என்ன ரெண்டு நாளா ஆளையே காணோம்"னு கேட்டுகிட்டே கறிவேப்பிலையை சும்மா கிள்ளிப் போடுவாங்க பாருங்க, அதுக்காகவே போவேன். குளியல், சாப்பாட்டை மட்டும் தள்ளிப்போடாதீங்க.

ரெண்டு வாரத்துக்கு மேல இழுத்தா, தூக்கம் பசி கெட்டா, டாக்டரைப் பாருங்க. அரசோட மனநல ஹெல்ப்லைன் டெலி மானஸ் நம்பர் 14416, 24 மணி நேரமும் ஃப்ரீ, தமிழ்லயே பேசலாம்.